மூன்றாம் நம்பர் பிளக்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. (கொல்கத்தா என்றுதான் எழுத வேண்டும், 2001-லேயே பெயரை மாற்றிவிட்டார்கள். எனக்கு வாயில் கல்கத்தாதான் வருகிறது, விட்டுவிடுங்கள்.) குடியிருப்பது பவானிப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரர். எழுபத்தாறு வயது. ஊர் வழக்கப்படி 'மேஷோமொஷாய்' என்றுதான் கூப்பிடுகிறேன், நம்ம ஊர் சித்தப்பா மாதிரி. அவருக்கு வாழ்க்கையில் மூன்று விஷயங்கள் பிடிக்கும்: இலிஷ் மீன், ரவீந்திர சங்கீதம், அப்புறம் வீட்டு முகப்பில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஒரு சிவப்பு எம்ஜிஏ கார். என்ன வரிசையில் பிடிக்கும் என்று மாஷிமாவைக் கேட்டால் கார்தான் முதலில் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தப் பதிவு அந்தக் காரின் பிளக்கில் எண்ணெய் வந்த கதை. பிளக்கில் எண்ணெய் வந்ததற்கெல்லாம் ஒரு பதிவா என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் கல்கத்தாவின் சரித்திரம் இருக்கிறது, என் அப்பாவும் இருக்கிறார்.

அப்பாவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். கும்பகோணத்தில் அப்பா ஒரு பெட்ரோல் அம்பாசடரை டூரிஸ்ட் டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்தார். திருநள்ளாறு, சுவாமிமலை, கல்யாண முகூர்த்தம், ஆஸ்பத்திரி கேஸ், எல்லாம் அந்த ஒரு வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு பழைய தினத்தந்தி மேல் வரிசையாக வைப்பார். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்க்கிற வேலை என்னுடையது. "டேய், வரிசை மாத்திடாதடா. எது எந்த ஓட்டைல இருந்ததுன்னு தெரியணும்" என்பார். எனக்கு ஒன்பது வயது. நான்கும் ஒரே மாதிரி இருக்கும்போது எதற்கு வரிசை என்று அப்போது விளங்கவில்லை.

1989-ல் ஒரு பிளக் மட்டும் ஈரமாக, கறுப்பாக, பளபளவென்று வர ஆரம்பித்தது. துடைத்து மாட்டினால் இரண்டு நாளில் திரும்ப அதே நிலை. வண்டி மூன்று காலில் நொண்டுகிற மாதிரி ஓடும். ஒரு பட்டறையில் காட்டினார். பார்த்தவர் பிளக்கைக் கையில் வாங்கிய வேகத்திலேயே "ரிங் போச்சு, ரீபோர் பண்ணணும்" என்று சொல்லிவிட்டார். அம்மாவின் நான்கு வளையல் அடகுக்குப் போயிற்று. எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. ஒரு மாதத்தில் அதே பிளக் மறுபடி ஈரம். அடுத்த வருஷம் வண்டியை விற்றுவிட்டு அப்பா ஒரு பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். வளையல் திரும்பி வரவேயில்லை. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்த பிறகு ஒருநாள் அந்த அடகுக்கு வட்டி என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்க வேண்டாம்.

சரி, பவானிப்பூருக்கு வருவோம்.

போன கார்த்திகையில் மேஷோமொஷாய் மாடிக்கு வந்து உட்கார்ந்தார். எம்ஜிஏ மிஸ் அடிக்கிறது, ஒரு பிளக்கில் எண்ணெய் வருகிறது. அவர் வழக்கமாகப் போகும் பட்டறையில் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, ரீபோர். இல்லையென்றால் இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு மல்லிக் பஜாரில் நல்ல அம்பாசடர் எஞ்சின் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம், அதுவே மலிவு, யாருக்கும் தெரியப் போவதில்லை. டொரொண்டோவில் இருக்கும் மகனோ, "வண்டியை வித்துடுங்க பாபா" என்கிறார். ஒரு மும்பை வியாபாரி விலையும் கேட்டுவிட்டார். எஞ்சின் மாறினால் விலை பாதியாகிவிடும், மாறாவிட்டால் வண்டி ஓடாது. "நீ வங்கியில் கடன் கொடுக்கிறவன், எது லாபம், சொல்லு" என்று கேட்டார்.

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். "மேஷோமொஷாய், எந்த பிளக்?"

"மூன்றாவது."

எம்ஜிஏ மாதிரி ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் அம்பாசடர் எஞ்சின் எப்படிப் பொருந்தும் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பொருந்தும், இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' சீரீஸ் எஞ்சின், 1489 சிசி. 1953-ல் எம்ஜி மேக்னட் என்ற காரில் முதலில் வந்தது. 1955-ல் எம்ஜிஏவுக்குப் போயிற்று. அந்த வருஷம் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் எம்ஜிஏவின் முன்மாதிரிகள் மூன்று இதே எஞ்சினோடு ஓடின. கென் மைல்ஸும் ஜானி லாக்கெட்டும் ஓட்டியது 12-வதாக வந்தது, இன்னொன்று 17-வது, மூன்றாவது விபத்தில் போயிற்று. (அந்த கென் மைல்ஸ்தான், சில வருஷங்களுக்கு முன் வந்த ஃபோர்ட் - ஃபெராரி படத்தின் நாயகன்.)

அதே எஞ்சின் இங்கே ஹூக்ளிக் கரைக்கும் வந்தது. பி.எம்.பிர்லா 1942-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்தது. 1948-ல் உத்தர்பாராவுக்கு இடம் மாறிற்று. 1957-ல் வந்த முதல் அம்பாசடருக்கு பழைய 'சைடு வால்வ்' எஞ்சின்தான். 1959-ல் அதை எடுத்துவிட்டு 1489 சிசி 'பி' சீரீஸைப் போட்டார்கள். எம்ஜிஏவில் இரட்டைக் கார்புரேட்டர், உயர்ந்த அமுக்க விகிதம், 72 குதிரைத்திறன் வரை. நம் அம்பாசடரில் ஒற்றைக் கார்புரேட்டர், கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ற குறைந்த அமுக்கம், ஏறக்குறைய 50. ஒருத்தி பரதநாட்டியத்துக்குப் போனாள், இன்னொருத்தி கல்யாணம் ஆகி பத்துப் பேருக்குச் சமைத்தாள். அக்கா தங்கைதான்.

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த ஒரு திருப்பம் உண்டு. எம்ஜிஏவின் வாரிசான எம்ஜிபி, 'பி' சீரீஸின் பெரிய வடிவத்தோடு 1980 அக்டோபர் வரை ஓடிற்று. அதோடு இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். உத்தர்பாராவிலோ அந்த எஞ்சினுக்கு அப்போதுதான் இரண்டாவது வாழ்க்கை ஆரம்பம்! 1980 வாக்கில் அதன் டீசல் வடிவத்தை அம்பாசடரில் போட்டார்கள். 90-களில் பெட்ரோல் வண்டிக்கு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகும், டீசலில் பழைய 1489 ஓடிக்கொண்டே இருந்தது. கல்கத்தா மஞ்சள் டாக்சிகளில் பெரும்பாலானவை அந்த டீசல்தான். அதனால் மஞ்சள் டாக்சிக்காரரிடம் போய் பிளக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். டீசல் எஞ்சினில் பொறி பறக்கும் பிளக்கே கிடையாது. வந்த புதிதில் நான் ஒருவரிடம் கேட்டு, "பாபு, படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள்..." என்று ஆரம்பித்து ஒரு பாடமே கேட்டுக்கொண்டேன்.

2014 மே 24-ம் தேதி உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். அதன் பிறகு திறக்கவில்லை. 2017-ல் 'அம்பாசடர்' என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். ஹவுராவிலிருந்து பர்த்தமான் லோக்கலில் போனால் லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாரா தாண்டியதும் 'ஹிந்த் மோட்டார்' என்றே ஒரு ஸ்டேஷன் வரும். தொழிற்சாலை போய்விட்டது, ஸ்டேஷனுக்குப் பெயர் மட்டும் நிற்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே இறங்கி, ஒரு மண் குவளை டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். அப்பாவின் சோறு இங்கிருந்துதானே வந்தது.

பிளக்குக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1860-ல் பாரிஸில் லெனுவார் என்பவர் வாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். ஆனால் நம்பி ஓட்டக்கூடிய பிளக், 1902-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னட்டோவோடு சேர்த்துக் கொடுத்ததுதான். அந்த பாஷ் இந்தியாவில் முதலில் காலடி வைத்தது பம்பாயிலோ பெங்களூரிலோ அல்ல, கல்கத்தாவில். 1922-ல் இல்லீஸ் அண்ட் கம்பெனி இங்கே அதற்கு விற்பனை அலுவலகம் திறந்தது. பெங்களூரில் 'மைக்கோ' வந்தது 1951-ல். அப்பா வாங்கியதெல்லாம் மைக்கோ பிளக்தான். அந்தக் கம்பெனிக்கு 2008-ல் பாஷ் என்றே பெயர் மாறிவிட்டது.

பிளக் வந்த நாளிலிருந்தே அதற்கு முதல் எதிரி எண்ணெய்தான். பிளக்கின் வேலை ஒரு சின்ன இடைவெளியில் பொறியைத் தாண்ட வைப்பது. நடுவில் இருக்கும் பீங்கான் மூக்கின் மேல் எண்ணெயும் கரியும் படிந்தால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டுகிற கஷ்டத்தை ஏன் படவேண்டும் என்று அந்தக் கரியின் மேலேயே நடந்து போய்விடும். பொறி வராது.

முதல் உலகப் போரில் இது உயிர் பிரச்சினை. அந்தக் கால ரோட்டரி விமான எஞ்சின்களில் சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து வட்டமாகச் சுற்றும். மசகுக்கு விளக்கெண்ணெய். ஆமாம், நம் பாட்டி சனிக்கிழமை கொடுக்கிற அதே ஆமணக்கு எண்ணெய்தான், பெட்ரோலில் கரையாது என்பதால். (காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது.) இறங்கும்போது எஞ்சினை அணைத்து அணைத்துப் போடுவார்கள், அப்போது பிளக் எண்ணெயில் நனைந்து பிறகு உயிர் வராமல் போவது சகஜம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இந்திரா ராய் ரோடு இருக்கிறது. பெண் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திரலால் ராய், 1898-ல் கல்கத்தாவில் பிறந்து பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த பையன். 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் பத்து வான் வெற்றிகள், 22-ம் தேதி சுடப்பட்டு மரணம், வயது 19. அவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ ரோட்டரி அல்ல, வி-8. அவருக்கு இந்த விளக்கெண்ணெய்த் தொல்லை இருந்திருக்காது. அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கும், இங்கே சொல்லிவிட்டேன்.

பந்தயக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. பிளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் படிந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850-ஐத் தாண்டிப் போனால் பொறி வருவதற்கு முன்பே அதுவே நெருப்பு மூட்டி பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். வேகமாக ஓட்டுகிறவனுக்குச் சீக்கிரம் ஆறுகிற 'கோல்டு' பிளக் வேண்டும், ஆனால் அதே பிளக்கோடு மெதுவாகப் போனால் சூடேறாமல் எண்ணெய் கட்டிக்கொள்ளும். அந்தக் கால கிராண்ட் பிரீ மெக்கானிக்குகள் எஞ்சினைச் சூடேற்ற ஒரு செட் பிளக், பந்தயத்துக்கு வேறு செட் என்று மாற்றி மாற்றி மாட்டினார்கள். கென்லம் லீ கின்னஸ் என்ற பந்தய வீரர் பிளக் தொல்லை தாங்காமல் தானே பிளக் செய்ய ஆரம்பித்து, கே.எல்.ஜி. என்று ஒரு கம்பெனியே வந்துவிட்டது.

நம்மூரிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் இருந்தார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. சோழவரத்தில் உலகப் போர்க் கால விமான ஓடுதளம்தான் பந்தயத் தடம். நம் ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் எல்லாம் அங்கே உருமாறி ஓடியிருக்கின்றன. அந்த மாதிரி நீளமான நேர்ப் பாதையில், முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து உருளவிட்டு நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். அந்த வேகத்தில் உள்ளே என்ன நடந்ததோ அது பிளக்கில் அப்படியே எழுதியிருக்கும்.

அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. டிகாக்ஷன் அதிகம் விழுந்த காப்பி மாதிரி இளம் பழுப்பு என்றால் சௌக்கியம். விரலில் ஒட்டுகிற உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக இருந்து பெட்ரோல் வாசனை வந்தால் பொறியே வரவில்லை. ஈரம், கறுப்பு, பளபளப்பு, விரலில் வழவழப்பு என்றால் எஞ்சின் எண்ணெய். இதுவரை அந்தக் கும்பகோணத்துப் பட்டறைக்காரருக்கும் தெரியும். அடுத்த கேள்வி, எண்ணெய் எந்த வழியாக வந்தது? அங்கேதான் அப்பாவின் வளையல் போயிற்று. (அம்மாவின் வளையல். ஆனால் இன்றுவரை அப்பாதான் அதைத் தொலைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.)

வழிகள் இரண்டு முக்கியம். கீழேயிருந்து, தேய்ந்த பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஏறி வரலாம். மேலேயிருந்து, வால்வு ஏறி இறங்கும் குழாய் இருக்கிறதே, வால்வ் கைடு, அது தேய்ந்திருந்தால் அதன் வழியாக ஒழுகி இறங்கலாம். முதலாவதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். இரண்டாவதற்கு மேல்மூடியைத் திறந்தால் போதும், பல சமயம் சில ரப்பர் வளையங்களோடு முடிந்துவிடும். 'பி' சீரீஸில் வால்வுத் தண்டில் சின்னதாக ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான் எண்ணெய்க்குக் காவல். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அது பேக்லைட் மாதிரி இறுகிவிடும். பிறகு காவலாவது ஒன்றாவது.

மேஷோமொஷாயிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். மல்லிக் பஜாரில் எனக்குப் பழக்கமான ஒரு வயதான மிஸ்திரியைக் கூட்டி வந்தோம். முதலில் கம்ப்ரஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டரிலும் 138-லிருந்து 145-க்குள். பிறகு மூன்றாவதில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி. ரிங் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு சட்டென்று ஏறும். இங்கே நான்கைந்து ஏறியதோடு சரி. ரிங் நன்றாகவே இருக்கிறது.

பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தார்களாம். எல்லாம் சரியாக இருந்ததால்தான் குழப்பமாகி 'எதற்கும் ரீபோர் பண்ணிவிடலாம்' என்றார்களாம்! காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புரியும். டிரயல் பாலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை. சில தப்புகள் டிரயல் பாலன்ஸில் தெரியவே தெரியாது. உள்வால்வுக் கைடு ஒழுகல் அந்த ஜாதி. வால்வு மூடியிருக்கும்போது நன்றாகத்தான் மூடுகிறது, அதனால் கம்ப்ரஷன் டேலி. எண்ணெய் உள்ளே போவது வால்வு திறக்கிறபோது.

அதைக் கண்டுபிடிக்க வேறு வழி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை இறக்கத்தில் உருளவிட்டால், கார்புரேட்டர் மூடி, எஞ்சின் காற்றுக்குத் தவித்து உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் தேய்ந்த கைடு வழியாக மேலிருக்கும் எண்ணெய் இறங்கும். இறக்கம் முடிந்ததும் மறுபடி மிதித்தால், சேர்ந்த எண்ணெய் எரிந்து ஒரு வாய் நீலப்புகை. ரிங் தேய்ந்த வண்டியோ, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதுதான் விடாமல் புகைக்கும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் சுலபம். கல்கத்தாவில் ஏற்ற இறக்கத்துக்கு எங்கே போவது? தோசைக்கல் மாதிரி ஊர். பாலம்தான் கதி.

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு வித்யாசாகர் சேது. 1992-ல் திறந்த, 823 மீட்டர் நீளமுள்ள, கம்பி கட்டித் தொங்கும் பாலம். மேஷோமொஷாய் ஓட்ட, மாஷிமா கொடுத்த குரங்குக்குல்லாயோடு பக்கத்தில் நான், (கல்கத்தாக்காரர்களின் குரங்குக்குல்லாய் மோகம் பற்றித் தனிப்பதிவு உண்டு) பின்னால் மிஸ்திரி ஸ்கூட்டரில். ஏற்றத்தில் சுத்தம். உச்சி தாண்டி ஹவுரா பக்கம் இறங்கும்போது காலை எடுக்கச் சொன்னேன். கீழே வந்து மிதித்தார். திரும்பிப் பார்த்தேன். மிஸ்திரி ஒரு நீல மேகத்துக்குள்ளிருந்து கையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

எனக்கு அந்த நிமிஷம் எம்ஜிஏ மறந்துபோயிற்று. கும்பகோணத்தில் விடிகாலையில் அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது துளசிமாடத்துப் பக்கம் ஒரு கொத்து நீலப்புகை போகும். அப்புறம் நாள் முழுக்க இருக்காது. அம்மா தினமும் திட்டுவார். ராத்திரி நின்ற வண்டியில் எண்ணெய் கைடு வழியாகச் சொட்டிச் சொட்டி வால்வின் மேல் தேங்கி, காலையில் ஒரே வாயாக எரிகிற புகை அது. ரீபோர் பண்ணி வந்த பிறகும் துளசிமாடத்தில் அதே புகை. மேல்மூடியை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

மிச்சம் சீக்கிரம் முடிந்தது. மிஸ்திரி மேல்மூடியைக் கழற்றி, பிளக் ஓட்டை வழியாகப் பருத்திக் கயிற்றை உள்ளே திணித்து, எஞ்சினைக் கையால் சுற்றி வால்வை மேலேயே நிற்க வைத்தார். (அப்படிச் செய்தால் ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங்கை எடுக்கலாம். என்ன மூளை!) ரப்பர் வளையங்கள் நகத்தால் அழுத்தியதும் பொரி மாதிரி நொறுங்கின. ஆனால் மூன்றாவது உள்வால்வு கைடுக்குள் ஆடுகிறது என்று பிடித்துக் காட்டினார். அதனால் ஹெட்டையும் இறக்க வேண்டி வந்தது. இறக்கியதில் ஒரு நிம்மதி, சிலிண்டர் சுவரைக் கண்ணால் பார்த்தோம். வழவழவென்று, விளிம்பில் நகம் தட்டவில்லை. கடைந்திருந்தால் நல்ல எஞ்சினை வெட்டியிருப்பார்கள். கைடுகளும் வளையங்களும் மல்லிக் பஜாரிலேயே கிடைத்தன. அம்பாசடர் சாமான்தான். தங்கையிடமிருந்து அக்காவுக்கு. எல்லாம் சேர்த்து ஆன செலவு, பட்டறையில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மும்பை வியாபாரிக்கு மேஷோமொஷாய் எழுதிய பதிலை என்னிடம் படித்துக்காட்டினார். மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் இருந்தது, அர்த்தம்தான் மரியாதையாக இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ட்வின் கேம் கார்களில் பிளக் எஞ்சின் தலைக்கு நடுவில் ஒரு கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிணற்றில் எண்ணெய் நின்றால் பயந்துவிடாதீர்கள். அது வெளியே ஒழுகிய எண்ணெய், கேம் கவர் கேஸ்கெட்டோ கிணற்றைச் சுற்றியுள்ள சீலோ போயிருக்கும். பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். கிணறு நனைந்து முனை உலர்ந்திருந்தால் சின்னச் செலவு, முனையும் நனைந்திருந்தால்தான் மேலே சொன்ன விசாரணையெல்லாம். யாராவது பிளக்கைப் பார்த்த மாத்திரத்தில் எஞ்சினை இறக்கச் சொன்னால், கம்ப்ரஷன் எவ்வளவு, எண்ணெய் விட்டுப் பார்த்தீர்களா, எப்போது புகைக்கிறது, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

ஜனவரியில் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மூன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். இளம் பழுப்பு. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம். வளையல், ரீபோர் பேச்சையெல்லாம் எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே, எம்ஜிஏ கதையை மட்டும் முழுக்கச் சொன்னேன். கயிறு திணித்த இடத்தில் சிரித்தார். முடித்ததும் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று "அப்பா?" என்றேன்.

"எந்த பிளக்னு சொன்ன?"

"மூணாவதுப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "நம்மளுதும் மூணுதான்டா" என்றார். பிறகு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.